ஆல்பம் அட்டைப்படத்தை மாற்றும் முன்: பாட்டுக் கோப்பிலா, கோப்புறையிலா, பிளேயரிலா?

கணினியிலோ கைப்பேசியிலோ இசையைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, அட்டைப்படங்களைச் சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாள் வந்தே தீரும். சில ஆல்பங்களுக்குப் படமே இருக்காது. சிலவற்றுக்கு அஞ்சல்தலை அளவில் மங்கலான படம் இருக்கும். இன்னும் சிலவற்றில், அந்த ஆல்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு தொகுப்பின் படம் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பெரும்பாலோர் முதலில் தேடுவது நல்ல படம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். ஆனால் அதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: மாற்றிய படத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது. படத்தைத் தவறாகத் தேர்ந்தால் அந்த ஒரு ஆல்பத்தோடு போயிற்று. இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் பல மாத உழைப்பு ஒரே நாளில் இல்லாமல் போய்விடும்.

பிளேயரில் ஓர் ஆல்பத்தைத் தேர்ந்து, படத்தை மாற்றும் கட்டளையைக் கொடுத்ததும் புதிய படம் திரைக்கு வந்துவிடுகிறது. பார்வைக்கு ஒன்றாகவே தெரியும் இந்த மாற்றம், உள்ளே மூன்று விதங்களில் நடந்திருக்கக்கூடும். படம் ஒவ்வொரு பாட்டுக் கோப்பின் டேக்கிலும், அதாவது கோப்புக்குள்ளேயே பாட்டின் விவரங்களை வைக்கும் பகுதியிலும், எழுதப்பட்டிருக்கலாம். ஆல்பத்தின் கோப்புறையில் தனியொரு படக்கோப்பாக வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது இவ்விரண்டையும் தொடாமல், அந்தப் பிளேயர் தனக்கென வைத்திருக்கும் தரவுத்தளத்தில் மட்டும் பதியப்பட்டிருக்கலாம். எது நடந்தது என்பது அன்றைக்குத் தெரியாது. பிளேயரை மாற்றும்போதும், புதிய கணினிக்குப் போகும்போதும், பாட்டுகளைக் கைப்பேசிக்கு நகலெடுக்கும்போதும்தான் வேறுபாடு வெளிப்படும். ஆகவே இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, படத்தைத் தேடத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

சந்தா கட்டி இணையவழியில் மட்டும் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. அங்கே அட்டைப்படம் வெளியீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இக்கட்டுரை, கோப்புகளைத் தம் கையிலேயே வைத்திருப்பவர்களுக்கானது.

பிளேயரின் தரவுத்தளம்

மூன்றாவது வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் உழைப்பு வீணானது இதில்தான். பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பயன்படுத்திய ஒரு பிளேயரிலேயே உட்கார்ந்து, ஏறக்குறைய நானூறு ஆல்பங்களுக்குப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்தினேன். மாலை நேரங்களில் செய்த வேலை. முடிக்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது. பிறகு வன்வட்டு பழுதானது. பாட்டுக் கோப்புகளின் காப்புநகல் என்னிடம் பத்திரமாக இருந்ததால் நான் கலங்கவில்லை. புதிய கணினியில் அவற்றை ஏற்றிப் பார்த்தபோது பாட்டுகள் அனைத்தும் இருந்தன, படங்களில் பாதிக்கு மேல் இல்லை. தொலைந்த அந்தப் படங்கள் பிளேயரின் தரவுத்தளத்தில் மட்டுமே இருந்திருக்கின்றன. அந்தத் தரவுத்தளமோ இசைக் கோப்புறைக்கு வெளியே, பயனர் கணக்கின் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. அதை நான் காப்புநகல் எடுத்ததே இல்லை.

எஞ்சிய பாதி எப்படித் தப்பியது என்பது அதைவிடக் குழப்பமாக இருந்தது. சில பிளேயர்கள், தாமாக இணையத்திலிருந்து இறக்கும் படத்தைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, பயனர் கையால் ஒட்டும் படத்தை மட்டும் கோப்புக்குள் எழுதும். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரிவதால், எது எங்கே இருக்கிறது என்று பயனரால் பிரித்தறிய முடியாது. தரவுத்தள வழியின் உண்மையான குறை இந்த மறைவுதான்.

இந்த வழிக்கென்று நன்மைகள் இல்லாமல் இல்லை. பாட்டுக் கோப்பு ஒரு பைட்டும் மாறுவதில்லை; மாற்றம் உடனே நடக்கிறது; பிடிக்காவிட்டால் பழைய படத்துக்குத் திரும்புவது எளிது. கோப்புகளை எழுத அனுமதியில்லாத இடத்தில் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. வீட்டில் இசை சர்வர் (ஓரிடத்தில் உள்ள பாட்டுகளை மற்றக் கருவிகளுக்கு வழங்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அத்தகைய சர்வர்களில் ஒன்றான பிளெக்ஸில் மாற்றப்படும் படம் அதன் சொந்தத் தரவுக் கோப்புறையில்தான் சேமிக்கப்படும். ஜெல்லிஃபின் என்ற சர்வரில், படங்களை இசைக் கோப்புறையிலேயே சேமிக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டால் மூன்றாம் வழியின் வசதியோடு இரண்டாம் வழியின் பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது. நாவிட்ரோம் என்ற சர்வர் பாட்டுக் கோப்புகளில் எதையும் எழுதுவதில்லை. அங்கே ஆல்பம் படத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் கோப்பையோ கோப்புறையையோ நாமே திருத்திவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யவிடுவதே நம்பகமான வழி. முதலில் எனக்கு இது குறையாகத் தோன்றியது. இப்போது அதை ஒரு நல்ல கட்டுப்பாடாகவே கருதுகிறேன், ஏனென்றால் படத்தின் மூலப் பிரதி சர்வருக்குள் ஒளிந்துகொள்ள அது இடம் தருவதில்லை.

பாட்டுக் கோப்புக்குள் படம்

எம்பி3 கோப்பில் பாட்டின் விவரங்களை எழுதும் ஐடி3 டேக் 1996இல் வந்தபோது, அது கோப்பின் கடைசியில் ஒட்டப்பட்ட வெறும் 128 பைட்டுகள்தான். தலைப்புக்கு 30 எழுத்துகள், கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30 என்று அளந்து கொடுக்கப்பட்ட அந்த இடத்தில் படத்துக்கு வழியே இல்லை. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு, டேக்கைக் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அளவையும் தளர்த்தி, படத்துக்கென்று ஒரு தனிச் சட்டகத்தையும் வகுத்தது. ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளில் இதற்கெனத் தனித் தரவுத் தொகுதி உண்டு. எம்4ஏ கோப்புகளிலும் படத்துக்கு உரிய இடம் இருக்கிறது. ஓக் வோர்பிஸ், ஓப்பஸ் ஆகியவற்றில் படத்தை எழுத்துவடிவத் தரவாக மாற்றித்தான் வைக்க முடியும் என்பதால், அது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. 300 கேபி படம் உள்ளே 400 கேபி ஆகும். வேவ் கோப்புகளில் எல்லாப் பிளேயர்களும் ஏற்கும் ஒரே முறை என்று எதுவும் நிலைபெறவில்லை. சேகரிப்பு முழுவதும் வேவ் வடிவில் இருப்பவர்கள், படத்தை உள்ளே வைக்க விரும்பினால் முதலில் ஃப்ளாக்குக்கு மாறிவிடுவதே நல்லது. ஒலியின் தரத்தில் எந்த இழப்பும் நேராது.

உள்ளே வைப்பதன் பெருமை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது: பாட்டு எங்கே போனாலும் படம் கூடவே போகும். ஒற்றைப் பாட்டைக் கைப்பேசிக்கு நகலெடுத்தாலும், வண்டியில் கேட்பதற்காகப் பென்டிரைவில் போட்டாலும், நண்பருக்கு அனுப்பினாலும், பத்தாண்டு கழித்து இன்றைக்கு இல்லாத ஒரு பிளேயரில் திறந்தாலும், படம் அங்கே இருக்கும். பல கலைஞர்களின் பாட்டுகளைத் திரட்டிய தொகுப்பில், ஒவ்வொரு பாட்டுக்கும் அது முதலில் வெளிவந்த ஆல்பத்தின் படத்தையே வைத்துக்கொள்ளவும் இந்த வழியில் முடியும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை இடமும் எழுத்தும் (கோப்பை வட்டில் மறுபடி எழுதுவது). ஆயிரம் ஆல்பங்கள், ஆல்பத்துக்குப் பன்னிரண்டு பாட்டுகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000 கோப்புகள். ஒவ்வொன்றிலும் 150 கேபி படம் வைத்தால் கூடுதலாக ஏறக்குறைய 1.8 ஜிபி ஆகும். அதையே 2 எம்பி படமாக வைத்தால் 24 ஜிபி. ஒரே படத்தைப் பன்னிரண்டு முறை சேமிப்பதால் வரும் பெருக்கம் இது. வன்வட்டில் இது பொருட்டாகத் தெரியாவிட்டாலும், கைப்பேசியின் நினைவகத்தில் தெரியும். மேலும், கோப்பின் அளவு மட்டுமே கணக்கன்று. 3000 பிக்சல் சதுரப் படம் வட்டில் 2 எம்பியாகச் சுருங்கியிருந்தாலும், திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். பிக்சலுக்கு நான்கு பைட்டு என்ற கணக்கில் அது 36 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். 1000 பிக்சல் சதுரப் படத்துக்கு 4 எம்பி போதும். பழைய கையடக்கப் பிளேயர்களிலும் வண்டியில் பொருத்தப்பட்ட கருவிகளிலும், பெரிய படம் வைத்த பாட்டு தொடங்கத் தாமதமாவதற்கும் படமே தெரியாமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

எழுத்து என்று சொன்னது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி. டேக்கில் படத்தைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே அங்கே விடப்பட்டிருக்கும் வெற்றிடத்துக்குள் அது அடங்கிவிட்டால் கோப்பின் தலைப்பகுதி மட்டும் திருத்தப்படும். அடங்காவிட்டால் முழுக் கோப்பும் மறுபடி எழுதப்படும். ஃப்ளாக் மென்பொருள் இயல்பாக விடும் வெற்றிடம் 8192 பைட்டுகள்தான் (இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட கோப்பானால் 65,536). ஆகையால் முதல்முறை படம் சேர்க்கும்போது முழுக் கோப்பும் மறுபடி எழுதப்படுவது ஏறக்குறைய உறுதி. ஓர் ஆல்பம் 300 எம்பி என்றால், ஆயிரம் ஆல்பங்களுக்குப் படம் மாற்றுவது 300 ஜிபி தரவை வட்டில் திரும்ப எழுதும் வேலையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் ஒரு கோப்பு பாதியில் நிற்கும் ஆபத்து உண்டு. அதோடு, மாறிய கோப்புகளை மட்டும் எடுக்கும் காப்புநகல் மென்பொருளுக்கு, படம் மட்டுமே மாறியது என்று தெரியாது. 12,000 கோப்புகளும் மாறிவிட்டதாகவே கருதி அனைத்தையும் மறுபடி நகலெடுக்கும். இணையச் சேமிப்பகத்தில் காப்புநகல் வைத்திருப்பவர்களுக்கு இது பல நாள் பதிவேற்றம். ஒலி கெட்டுவிடுமோ என்ற அச்சம் மட்டும் வேண்டாம்: ஃப்ளாக் கோப்பின் தலைப்பில் உள்ள எம்டி5 சரிபார்ப்பு எண் (தரவு மாறியதா என்று அறிய அதிலிருந்தே கணக்கிடும் எண்) ஒலித்தரவுக்கு மட்டுமே உரியது, படத்தை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. ஆனால் முழுக் கோப்புக்கும் சரிபார்ப்பு எண் எடுத்துப் பட்டியலாக வைத்திருப்பவர்கள், அந்தப் பட்டியலைப் புதிதாக எடுத்தாக வேண்டும்.

படத்தை மாற்றினேன், பழைய படமே தெரிகிறது என்பது இந்த வழியில் அடிக்கடி எழும் குறை. பெரும்பாலும் அதற்கு இரண்டு காரணங்கள்தான். முதலாவது, பழைய படத்தை நீக்காமலே புதிய படத்தைச் சேர்த்திருப்பது. ஒரு டேக்கில் பல படங்கள் இருக்கலாம். ஐடி3 வகுத்த பட வகைகள் மட்டும் 21. முன்னட்டை, பின்னட்டை, கலைஞரின் படம் என்று போகும் அந்தப் பட்டியலில் பளிச்சென்ற நிறமுள்ள மீனுக்கும் ஓர் எண் இருக்கிறது. சில பிளேயர்கள் முன்னட்டை என்று குறிக்கப்பட்டதைத் தேடும். சில, முதலில் கண்ட படத்தைக் காட்டும். ஆகவே சேர்ப்பதற்கு முன் உள்ளதை நீக்குவதும், புதியதை முன்னட்டை என்று குறிப்பதும் பழக்கமாக வேண்டும். இரண்டாவது காரணம் கேஷ். பிளேயரும் இயக்கமுறைமையும் சிறுபடங்களைத் தயாரித்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பு மாறியதை அவை உணர மறுஸ்கேன் தேவைப்படும், சில சமயம் கேஷை அழிக்கவே வேண்டியிருக்கும். கோப்பைச் சோதிக்காமல் பிளேயரின் திரையை மட்டும் நம்பி, அதே வேலையை இரண்டு மூன்று முறை செய்துவிடுபவர்கள் உண்டு. டேக் திருத்தும் மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

கோப்புறையில் ஒரே படம்

ஆல்பத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பாட்டுகளோடு ஒரு படக்கோப்பு என்பது எளிய ஏற்பாடு. படத்தின் பெயர் ஆங்கிலத்தில் ‘கவர்’ என்றோ ‘ஃபோல்டர்’ என்றோ இருந்தால் பெரும்பாலான பிளேயர்களும் சர்வர்களும் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மாற்றுவதற்கு, பழைய படத்தின் மேல் புதிய படத்தை அதே பெயரில் வைத்தால் போதும். பாட்டுக் கோப்பு தொடப்படுவதில்லை. காப்புநகலில் ஒரு சிறு கோப்பு மட்டுமே மாறும். ஆயிரம் ஆல்பங்களுக்கும் 2 எம்பி படம் வைத்தாலும் மொத்தம் 2 ஜிபிதான். ஒரே ஒரு பிரதி என்பதால் இங்கே படத்தின் அளவைப் பற்றிக் கஞ்சத்தனம் தேவையில்லை. ஸ்கேன் செய்த மூலத்தையே, பின்னட்டையையும் உள்ளேட்டின் பக்கங்களையும் சேர்த்து, வைத்துவிடலாம்.

குறைகளும் வெளிப்படையானவை. பாட்டு தனியாகக் கோப்புறையை விட்டு வெளியேறினால் படம் கூட வராது. எல்லாப் பாட்டுகளையும் ஒரே கோப்புறையில் கொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. கைப்பேசியில் இன்னொரு தொல்லை உண்டு: கோப்புறையில் உள்ள அட்டைப்படங்கள் எல்லாம் ஆண்ட்ராய்டின் புகைப்படத் தொகுப்பில் குடும்பப் படங்களோடு கலந்து வந்து நிற்கும். ஊடகங்களைத் தேடாதே என்று சொல்லும் மறைகுறிக் கோப்பை அந்தக் கோப்புறையில் வைத்தால் படங்கள் மறையும். ஆனால் அதே குறி பாட்டுகளையும் சேர்த்து மறைத்துவிடும் என்பதால் அது தீர்வாகாது. கணினியிலும், ஒரு பிளேயர் என் கோப்புறைகளில் இருந்த பெரிய படங்களின் மேல், அதே பெயரில் தன் சிறு படங்களை என்னைக் கேட்காமலே எழுதிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று முதல், புதிய பிளேயர் எதையும் நிறுவியவுடன், இசைக் கோப்புறையில் எழுதும் உரிமையை அதற்குத் தருவதா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்கிறேன்.

எதை முதலில் பார்ப்பது என்பதில் மென்பொருள்களிடையே ஒற்றுமை இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாவிட்ரோம் இயல்பு நிலையில் கோப்புறைப் படத்தை முதலில் தேடி, இல்லாதபோதுதான் கோப்புக்குள் பார்க்கும். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள அமைப்பு உண்டு. கைப்பேசிச் செயலிகள் பலவும் கோப்புக்குள்ளிருந்தே தொடங்குகின்றன. ஆகவே ஓரிடத்தில் மட்டும் படத்தை மாற்றிவிட்டு மற்றதில் பழையதை விட்டுவிட்டால், ஒரே ஆல்பம் கணினியில் ஒரு முகத்தோடும் கைப்பேசியில் இன்னொரு முகத்தோடும் நிற்கும்.

எந்தப் படம், யார் தேர்வு

இடத்தை முடிவுசெய்த பிறகு வருவது, வேலையை மென்பொருளிடம் விடுவதா, கையால் செய்வதா என்பது. தானியங்கி வழியில் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட், பீட்ஸ் ஆகிய மென்பொருள்கள் முன்னிற்கின்றன. இரண்டும் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணைய இசைத் தரவுத்தளத்தில் ஆல்பத்தை அடையாளம் கண்டு, கவர் ஆர்ட் ஆர்க்கைவ் என்ற அட்டைப்படத் தொகுப்பிலிருந்து படத்தை எடுக்கின்றன. அந்த ஆர்க்கைவ் மியூசிக்பிரெய்ன்ஸும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து 2012இல் தொடங்கியது. பயனர்கள் பதிவேற்றிய மூலப் படத்தோடு 250, 500, 1200 பிக்சல் அளவுகளிலும் படங்களைத் தருகிறது. பிக்கார்டில் படத்தைக் கோப்புக்குள் எழுதலாம், தனிக் கோப்பாகச் சேமிக்கலாம், இரண்டையும் ஒருசேரச் செய்யலாம். பீட்ஸ் கட்டளை வரியில் இயங்குவது. கோப்புறைக்குப் படம் கொண்டுவர ஒரு துணைநிரலும் கோப்புக்குள் எழுத ஒரு துணைநிரலும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு அளவு வரம்பு வைக்கலாம். கையால் செய்ய விரும்புபவர்களுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் எம்பி3டேக் இருக்கிறது. லினக்ஸ் உள்ளிட்ட எல்லாவற்றிலும் இயங்கும் கிட்3 இருக்கிறது. ஆல்பத்தின் பாட்டுகள் அனைத்தையும் தேர்ந்து, பழைய படத்தை நீக்கி, புதியதை இட்டு, சேமித்தால் ஓர் ஆல்பம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் படத்தைக் கோப்பாக வெளியே எடுக்கவும் இவற்றால் முடியும். பழைய படத்தைத் தொலைக்காமல் இருக்க அதை முதலில் செய்துவிடுவது நல்லது.

தானியங்கி வழியின் வேகம் மறுக்க முடியாதது. அதன் தவறுகளும் வேகமாகவே பரவும். ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக வந்திருக்கும்: முதல் இசைத்தட்டு, பின்னாளில் வந்த குறுந்தகடு, கூடுதல் பாட்டுகளோடு வந்த ஆண்டுவிழாப் பதிப்பு என ஒவ்வொன்றுக்கும் வேறு அட்டை. மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளம் இவற்றைத் தனித்தனிப் பதிப்புகளாகவும், அவற்றை ஒன்றுசேர்க்கும் குழுவாகவும் பிரித்து வைத்திருக்கிறது. குறிப்பிட்ட பதிப்புக்குப் படம் இல்லாதபோது குழுவின் படத்தை எடுத்துக்கொள்ள மென்பொருளை அனுமதித்தால், கையில் இருக்கும் பதிப்புக்கு உரியதல்லாத அட்டை வந்து அமரும். பொதுவான பெயர் கொண்ட திரட்டுகளில் இன்னும் மோசம். சிறந்த பாடல்கள் என்ற பெயரில் ஒரே கலைஞருக்குப் பத்துத் தொகுப்புகள் இருந்தால், எந்தப் படம் வரும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை முந்நூறு ஆல்பங்களை ஒரே கட்டளையில் மாற்றிவிட்டு, தவறான படங்களைக் கண்டுபிடித்துத் திருத்த நான் செலவிட்ட நேரம், அவற்றைக் கையாலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட அதிகம்.

பதிப்பைப் பற்றி இவ்வளவு அக்கறை தேவையா என்று கேட்கப்படலாம். தேவை என்றே நான் நினைக்கிறேன். 1930களின் இறுதியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் ஓவிய அட்டைகளை வரையத் தொடங்கும் வரை, இசைத்தட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் வெற்றுத் தாள் உறைகளிலேயே வந்தன. அதன் பிறகு அட்டை என்பது, அந்தப் பதிவை யார், எக்காலத்தில், யாருக்காக வெளியிட்டார்கள் என்பதைச் சொல்லும் சான்றாகவும் ஆகிவிட்டது. நாம் எந்தப் பதிப்பைக் கேட்டு வளர்ந்தோமோ, நம் கோப்பு எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ, அதன் முகம் அங்கே இருப்பது ஒருவகை உண்மை. சேகரிப்பில் குறுந்தகடோ இசைத்தட்டோ கையில் இருந்தால், இணையத்தில் தேடுவதைவிட அதையே ஸ்கேன் செய்வது மேல்.

குறுந்தகட்டின் முன்னட்டை 12 செ.மீ. சதுரம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1417 பிக்சல் கிடைக்கும். 600 புள்ளியில் எடுத்துப் பிறகு பாதியாகச் சுருக்கினால், அச்சின் புள்ளிகளால் எழும் அலைக்கோடுகள் வெகுவாக அடங்கும். இசைத்தட்டின் அட்டை ஏறக்குறைய 31 செ.மீ. என்பதால் வழக்கமான ஏ4 ஸ்கேனரில் ஒரே தடவையில் அடங்காது. பகுதி பகுதியாக எடுத்து ஒட்ட வேண்டும், அல்லது சீரான வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படமெடுக்க வேண்டும். ஒலிநாடாவின் அட்டை உயரவாக்கில் நீளமானது. அதைச் சதுரமாக வெட்டினால் பெயரோ முகமோ போய்விடும். இருபுறமும் நிறம் நிரப்பிச் சதுரமாக்குவதும் உண்டு. நான் உள்ளபடியே விட்டுவிடுகிறேன். பெரும்பாலான பிளேயர்கள் அதை ஓரங்களில் வெற்றிடம் விட்டுச் சரியாகவே காட்டுகின்றன.

படத்தின் வடிவத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கோப்புக்குள் வைக்க ஜேபெக் போதும். புகைப்படம் கலந்த அட்டைகளில் பிஎன்ஜி பல மடங்கு பெருத்துவிடும். வெப்பி என்ற பட வடிவத்தை எல்லாப் பிளேயர்களும் ஏற்பதில்லை. ஜேபெக்கிலும், படிப்படியாகத் தெளியும் வகையைப் பழைய கருவிகள் சில காட்டுவதில்லை என்பதால், சாதாரண வகையாகவே சேமிப்பது பாதுகாப்பு. ஒருமுறை சேமித்த ஜேபெக்கைத் திறந்து திறந்து மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். மூலத்தை வைத்துக்கொண்டு, சிறிய படத்தை எப்போதும் அந்த மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

என் தேர்வு

இவ்வளவையும் எடைபோட்டு நான் வந்து நிற்கும் இடம் இது: பெரிய மூலப் படம் கோப்புறையில், அதிலிருந்து சுருக்கிய, 800 முதல் 1000 பிக்சல் வரையுள்ள ஜேபெக் ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும், பிளேயரின் தரவுத்தளத்தில் தனியாக எதுவும் இல்லை. கைப்பேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல் அளவில் இருப்பதால் உள்ளே இதற்கு மேல் வைப்பதில் பயன் குறைவு. பெரிய திரையில் பார்க்கும் சர்வருக்குக் கோப்புறைப் படம் இருக்கிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவதால், எந்த மென்பொருள் எதை முதலில் பார்த்தாலும் ஒரே முகம்தான் தெரியும்.

எல்லோருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கோப்புகளைச் சரிபார்ப்பு எண்ணோடு ஆவணமாகப் பாதுகாப்பவர்கள், அல்லது காப்புநகலை மெதுவான இணைய இணைப்பின் வழியே அனுப்புபவர்கள், கோப்புறைப் படத்தோடு நின்றுகொண்டு, கைப்பேசிக்கு அனுப்பும் நகல்களில் மட்டும் படத்தை உள்ளே எழுதலாம். ஃப்ளாக்கிலிருந்து சிறிய வடிவத்துக்கு மாற்றும் கட்டத்திலேயே அதைச் செய்துவிட முடியும். பாட்டுகளைத் தனித்தனியாகச் சேர்த்து, ஆல்பமாக வைக்காதவர்களுக்குக் கோப்புக்குள் வைப்பது ஒன்றே வழி. தரவுத்தளத்தை மட்டும் நம்புவது, எழுத முடியாத கோப்புகளுக்கும், சில நாள் பார்த்துவிட்டு மாற்றப்போகும் படங்களுக்கும் போதுமானது. அப்போதும் அந்தத் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையும் காப்புநகலில் சேர்த்துவிட வேண்டும்.

எந்த வழியானாலும், முழுச் சேகரிப்பிலும் கைவைக்கும் முன் அதற்கு ஒரு காப்புநகல் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஆல்பத்தில் செய்து பார்ப்பது அவசியம். அந்த ஆல்பத்தைக் கணினியில் வழக்கமான பிளேயரில் திறந்து பார்க்க வேண்டும். கைப்பேசிக்கு அதிலிருந்து ஒரு பாட்டை மட்டும் நகலெடுத்துப் பார்க்க வேண்டும். சர்வர் இருந்தால் மறுஸ்கேன் செய்துவிட்டு அங்கேயும், பென்டிரைவில் போட்டு வண்டியிலும் பார்க்க வேண்டும். எங்காவது பழைய படம் தலைகாட்டினால், அது கேஷில் தங்கியதா, டேக்கில் இரண்டாம் படமாக ஒளிந்திருக்கிறதா என்று கோப்பைத் திறந்து உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே அடுத்த ஆல்பத்துக்குப் போக வேண்டும்.